காந்தல் உருண்டை

"உன் சோத்துல காந்தலே இல்லையேம்மா" என்று மகள் மாடத்தி சொன்னபோது உலகம்மாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த நாள் முதல் அவள் அடுப்பில் ஒரு பானைகூட அடிப்பிடித்ததில்லை. அரிசிக்கு ஊரே அல்லாடிய எழுபத்துமூன்றாம் வருஷத்தில் அது பெருமைப்படத் தக்க விஷயம். அரிசி, பருப்பு, வாழைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாகக் குழைய வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, வடகம் தாளித்து அவள் கூட்டாஞ்சோறு இறக்கினால், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த அந்த லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்கும். அதைப் போய் இவள் ஒதுக்கி வைத்துவிட்டு வேறென்னவோ கேட்கிறாள்.

"காந்தல் எதுக்குட்டி உனக்கு?"

"அடியில சுரண்டி எடுத்து, தேங்காப்பூ போட்டு உருட்டித் தரணும். சூடா. அதுக்காக்கும் நல்ல ருசி."

"யாரு தந்தா அப்படி?"

பிள்ளை வாயை மூடிக்கொண்டது. போதாதென்று கையாலும் பொத்திக்கொண்டது.

உலகம்மாளுக்குச் சிரிப்பு போய்விட்டது. புருஷன் நயினார் அரிசி மண்டியில் வேலை பார்த்தான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப் போவான். பொறுப்பான மனுஷன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த ராத்திரிகளில் இருவருமே பசியில்லை என்பார்கள். கடலுக்குப் போய் வந்த பிள்ளையின் பாவாடையில் மணலே இருக்காது. ஒரு தடவை, ஒற்றைச் சடையோடு போனவள் இரட்டைச் சடையோடு திரும்பி வந்தாள். எண்ணெய் தேய்த்து, வகிடு நேராக எடுத்து, இறுக்கிப் பின்னியிருந்தது. "காத்துல கலைஞ்சு போச்சு, நான்தான் பின்னிவிட்டேன்" என்றான் நயினார். வேட்டியையே நாலு தடவை அவிழ்த்துக் கட்டுகிறவன் சடை பின்னினானாம். அன்றைக்கு அதை எப்படி நம்பினாள்?

யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூட்டாஞ்சோறு வைத்தாள். பானை அடியில் பிடிக்கத் தொடங்கியதும் இறக்கச் சொல்லிக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காந்தலைச் சுரண்டித் தேங்காய்ப்பூ கலந்து உருட்டி, நயினாரின் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

ஒரு வாய் போட்டவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"இது யாரு சொல்லித் தந்தா?"

"யாரு சொல்லணும்? அடிப்பிடிச்சுட்டு. வீணாக்குவானேன்னு உருட்டினேன்."

அவன் மகளைப் பார்த்தான். மகள் தட்டைப் பார்த்தாள். தலை நிமிராமல் தின்று முடித்தவன், "இன்னும் ஒண்ணு இருக்கா?" என்றான். இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஆக்கிய எதையும் அவன் இரண்டாம் முறை கேட்டதில்லை. சந்தேகத்தைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகமாகச் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லோடு வருகிறதென்று அவன் தனியாகக் கிளம்பிப் போனான். உலகம்மாள் கதவைப் பூட்டி, மகளின் கையைப் பிடித்தாள்.

"வா. அப்பா உன்னயக் கூட்டிட்டுப் போற எடத்துக்குப் போவோம்."

"அப்பா ஏசுவாரு."

"போகலேன்னா நான் ஏசுவேன்."

கிழக்கேகோட்டையில் சங்குமுகம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. மாடத்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினாள். வழி முழுக்க உலகம்மாள் அந்தப் பெண்ணை மனதுக்குள் உருவாக்கிக்கொண்டே வந்தாள். சிவப்பாக இருப்பாள். தன்னைவிட இளையவளாக இருப்பாள். சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

கடற்கரையிலிருந்து மேலேறும் சந்தில், வாசலில் சிலுவை மாட்டிய ஓட்டு வீட்டுக்கு முன்னால் மகள் நின்றாள். படியில் ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, பருத்த உடம்பு. நயினாரைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

"வா மக்ளே, அப்பா எங்க?" என்று நிமிர்ந்தவள் பின்னால் நின்றவளைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க யாரு?" என்றாள் உலகம்மாள்.

"ராகேல்."

"அது சரி. என் வீட்டுக்காரருக்கு நீங்க யாரு?"

"வெயிலா இருக்கு. உள்ள வா பிள்ளே."

"இங்கேயே சொல்லுங்க."

ராகேல் கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். "முன்ன எனக்குக் கோமதின்னு பேரு. அவனுக்கு அக்கா."

கோமதி என்றொரு அக்கா காலராவில் செத்துப்போனாள் என்று கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தார்கள். இவள் இங்கே உயிரோடு உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். உலகம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆம்பிளைகள் இப்படிச் சொல்லிக்கொடுத்து வைப்பதும் உண்டுதானே.

"அக்கான்னா தெரிஞ்சிருக்குமே. அவரு முதுகுல இருக்க தழும்பு எப்படி வந்தது?"

"முதுகுல ஏது தழும்பு? இடது தொடையில இருக்கு. நான் கஞ்சி வடிக்கையில ஓடி வந்து விழுந்தான்."

முதுகு என்று வேண்டுமென்றேதான் கேட்டிருந்தாள்; தொடைத் தழும்பைப் பற்றி நயினாரும் இதையேதான் சொல்லியிருந்தான். உலகம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

படகுத் தச்சன் தாசையனோடு போய் மதம் மாறிக் கட்டிக்கொண்ட கதையை ராகேல் சுருக்கமாகச் சொன்னாள். அவள் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டுமென்று ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொன்னதாம்.

"தீர்ப்புச் சொன்னது யாரு?"

ராகேல் தயங்கினாள். "உங்க அப்பாதான் பிள்ளே. எங்க ஊருக்கும் அவருதானே நாட்டாமை."

உலகம்மாள் கொஞ்ச நேரம் மகளின் தலையைத் தடவியபடி இருந்தாள். பிறகு, "அந்தக் காந்தல்?" என்றாள்.

"எங்க அம்மா போனப்ப எனக்குச் சமைக்கவா தெரியும்? என்ன வச்சாலும் அடிப்பிடிக்கும். மேல உள்ள நல்ல சோத்த அப்பா தின்னுட்டுப் போயிருவாரு. மிச்சத்தச் சுரண்டி உருட்டி, இதுதான் ஒசத்தின்னு சொல்லி அவன ஏமாத்துவேன். இன்னும் நம்பிட்டு இருக்கான் பாவம்." ராகேல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு நயினார் வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். உலகம்மாள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மகள் அவன் மடியில் தூங்கிப்போனாள்.

"எங்க அப்பாட்ட சொல்லிருவேன்னுதானே மறைச்சிய?"

"ஆமா" என்றான்.

அவன் மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். "வந்த புதுசுல சொல்லித்தான் இருப்பேன்" என்றாள் மெதுவாக. "ஆனா இத்தன வருஷத்துல நான் எப்படிப்பட்டவள்னு தெரியாண்டாமா?"

அவன் மகளின் தலையை மடியில் சரியாகச் சாய்த்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் மதினிய நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"நான் பேசிக்கிடுதேன்." சற்று நேரம் வெளியே பார்த்திருந்தவள் திரும்பினாள். "வேற ஏதும் மறைச்சு வச்சிருக்கியளா?"

"இல்ல."

சரி என்று தலையை ஆட்டினாள். ஆனாலும் கிழக்கேகோட்டை வரும்வரை அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.