நல்ல பிள்ளைக்கு வெண்கல மணி

ஆசிரியர் பயிற்சியின் முதல் நாளே, பயிற்சி தந்த ஒதிலியா ஒரு மாணவியைப் பற்றிய என் தாளில் மூன்று சொற்களைக் கோடிட்டு அடித்தாள். முரண்டு. வேண்டுமென்றே. செல்லம் கொடுத்துக் கெட்டது.

"இதெல்லாம் உங்க மனசுல இருக்கு, டீச்சர். கண்ணுல பட்டத மட்டும் எழுதுங்க. நேரத்தோட."

"அப்ப தாள் காலியாத்தான் இருக்கும்," என்றபடி பக்கத்திலிருந்த ஆசிரியை மாத்தே தேநீர்க் குடுவையை என்னிடம் நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை என் அறிக்கையை வைத்துத்தான், அந்த மாணவி ஐலென் இனி நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பள்ளிக்கு வந்தால் போதுமா என்று முடிவு செய்வார்கள். அவளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம்.

திங்கள்: எட்டு மணிக்குக் கணக்கு, எல்லாம் சரி. ஒன்பது நாற்பதுக்கு நோட்டைக் கிழித்தாள். செவ்வாய்: ஒன்பது முப்பத்தெட்டுக்கு முன்னாலிருந்தவனின் சீருடைக் கழுத்திலிருந்த நீல நாடாவை இழுத்தாள். புதன்: ஒன்பது நாற்பத்திரண்டு, பென்சில் டப்பா ஜன்னல் வழியே போனது.

அந்த மூன்று வரிகளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு இடைவேளை. அன்று ஒழுங்காக இருந்த பிள்ளையின் பெயரை ஒன்பதே முக்காலுக்குச் சொல்வேன். அந்தப் பிள்ளைதான் முற்றத்தில் நின்று வெண்கலக் கைமணியை அடிக்கும். எங்கள் பள்ளியில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. மார்ச்சில் ஐலெனுக்கு அதை இரண்டு முறை கொடுத்தேன்.

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பள்ளி ஆயா நெல்லியிடம் கேட்டேன். "மணி அடிக்கும்போது ஐலென் எங்க இருப்பா?"

"கழிப்பறைல. காதப் பொத்திக்கிட்டு. இத இப்பத்தான் கேக்கறீங்களா, டீச்சர்?"

"அவளே அடிச்சாளே?"

"அடிச்சா. அப்புறம் வீட்டுக்குப் போற வரைக்கும் காதுல வெச்ச கைய எடுக்கல. சந்தோஷத்துல திணறிப் போயிட்டான்னு நீங்கதான் சொன்னீங்க."

நல்ல பெயர் வாங்கினால் மணி கைக்கு வரும். அது வராமலிருக்க அவளுக்கு ஒரே வழிதான் இருந்திருக்கிறது.

வியாழன் காலை, அவள் பார்க்கும்படி மணியைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாற்பதுக்கு அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு ஒரு வகுத்தல் கணக்கை முடித்து அடுத்ததைத் தொட்டாள். பத்து மணிக்கு நெல்லி முணுமுணுத்தபடி வகுப்பு வகுப்பாகப் போய் இடைவேளை என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் தலைமையாசிரியை என் தாளைப் படித்தார். நேரங்களும் கண்ணில் பட்டதும் மட்டுமே இருந்தன, மணியைப் பூட்டியது உட்பட.

"எழுபது வருஷமா அடிக்கிற மணி. ஒரு பொண்ணுக்காகவா?"

வியாழனுக்கு நேரே இருந்த வரியை விரலால் காட்டினேன். அவர் இரண்டாவது முறை படித்தார்.

"சரி, ஜூலை லீவு வரைக்கும் முழு நாளும் வரட்டும். நெல்லிகிட்ட நீங்களே பேசிக்கோங்க."

அன்று ஒன்பதே முக்காலுக்கு, பழக்க தோஷத்தில் எழுந்து நின்றேன். இருபத்தாறு முகங்கள் நிமிர்ந்தன. ஐலெனின் பென்சில் நின்றது.

எந்தப் பெயரும் சொல்லாமல் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்துப் பென்சில் நகர்ந்தது.