சோதனைக்குப் போன கிணறு

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு உப்புக் கரிக்காத கிணறு வைத்திருப்பது சாமானியமா? மாமனாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்குக் குழாய் வந்து ஆறு வருஷம் ஆகியும் அதன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. "ஒரே மருந்து நாத்தம். அதை மனுஷன் குடிப்பானா?" என்பார்.

மருமகளுக்கோ தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன மாதம் தெருவில் கிணறு இருந்த வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தாள். வந்த தண்ணீரை மருந்துக் குப்பிகளில் ஊற்றி ஒரு நாள் வைத்தாள். கிருமி இருந்தால் கறுக்கும். பதினான்கு குப்பிகள் கறுத்தன. மாமனாருடையது மட்டும் நிறம் மாறவே இல்லை. அப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா? வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். பேத்திக்கும் தன் கையாலேயே அந்தத் தண்ணீரைப் புகட்டினார்.

அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது வயிற்றுப்போக்கு. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. மருமகள் பாலை மாற்றிப் பார்த்தாள், பாத்திரங்களை எல்லாம் வெந்நீரில் போட்டாள். டாக்டர், "தண்ணியைப் பாருங்க" என்றார். பார்த்தாச்சே என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "மாமா, அன்னிக்கு அந்த பாட்டில்ல எப்படித் தண்ணி பிடிச்சீங்க?"

"ஒழுங்காத்தாம்மா. நல்லாக் கொதிக்க வச்சு, வெள்ளைத் துணியில ரெண்டு தரம் வடிகட்டி, ஆற வச்சு ஊத்தினேன். நீ வேலை பாக்கற இடத்துக்குப் போகுது, நாலு பேர் பாப்பாங்க. கிணத்துல அள்ளி அப்படியே குடுத்தா உனக்கில்ல மானக்கேடு?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெற்ற அப்பாகூட அவள் வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரு முழுக்கப் பாடம் எடுத்தவள், சொந்த வீட்டில் சொல்லாமல் விட்டது யார் தப்பு?

அப்போதே வாளியை இறக்கித் தானே ஒரு குப்பி பிடித்தாள். குழந்தையை அன்று தன் அம்மா வீட்டில் விட்டாள். மறுநாள் மாலை அழைத்து வந்தபோது, கறுத்துப்போன குப்பியை மாமனார் கையில் கொடுத்தாள். கிணற்றை ஒட்டியே கழிப்பறைக் குழி இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். முழுசும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்போ பாப்பாவுக்கு நானாம்மா குடுத்தேன்?"

இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு எவ்வளவோ ஆசை. "தெரிஞ்சா குடுத்தீங்க, மாமா?" என்றாள்.

குழந்தை டம்ளரோடு வந்தது. "தாத்தா, தண்ணி."

பழக்கத்தில் பானைப் பக்கம் போன அவர் கை திரும்பி வந்தது. எழுந்து குழாயடிக்குப் போனார். டம்ளரை நிரப்பி, முதலில் தான் பாதியைக் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"நல்லா இருக்கா தாத்தா?"

"இல்லடி. ஆனா இனிமே நீயும் நானும் இதைத்தான் குடிக்கிறோம்."

குழந்தை அவரைப் போலவே முகத்தைக் கோணிக்கொண்டு, மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தது.