பலாக்கொல்லைப் பிள்ளைகளின் எடை

ஜீப் ஒன்பது மணிக்கு வரும் என்று ஆராய்ச்சி ஆபீஸ் சுவேதா போனில் சொல்லியிருந்தாள். காந்தா எட்டு மணிக்கே ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றுவிட்டாள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, வேலையில் இருந்தபோது உடுத்திய ஊதாப் புடவையையே கட்டியிருந்தாள். பழக்கம் எங்கே போகும்? பன்னிரண்டு வருஷம் இதே இடத்தில் நின்று இதே ஜீப்பில் ஏறியவள். சாமைக் கொல்லையில் களையெடுப்பு பாதியில் கிடந்தது. வேலையை விட்டுத் தூக்கினவர்கள் கூப்பிட்டால் ஓடணுமா என்று புருஷன் ராஜாக்கண்ணு காலையிலேயே முணுமுணுத்தான். ஒரே ஒரு நாள்தானே என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பல்கலைக்கழகம் நடத்திய மருத்துவ ஆராய்ச்சி அது. மலைப்பிள்ளைகள் பிறந்தது முதல் ஐந்து வயது வரை எப்படி வளர்கிறார்கள் என்று மாதாமாதம் நிறுத்துப் பார்க்கிற வேலை. பத்தாவது வரை படித்த மலைக்காரி ஒருத்தி வேண்டும் என்று தேடியபோது அகப்பட்டவள் காந்தா. தொங்கு தராசையும் அதில் மாட்டும் துணித்தூளியையும் தோளில் போட்டுக்கொண்டு ஏழு ஊர் நடப்பாள். பலாப்பழக் காலத்தில் எந்த வூட்டிலும் சுளை தின்னாமல் விடமாட்டார்கள். படிவங்களின் ஓரத்திலெல்லாம் பலாப்பிசின் ஒட்டிக்கொண்டு, இது எடைப் படிவமா இனிப்புக்கடைக் காகிதமா என்று கீழே டாக்டர்கள் சிரிப்பார்களாம். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் தராசு அத்தை. ஹும், அதெல்லாம் ஒரு காலம். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது, கூடவே வலிக்கவும் செய்கிறது.

அந்த ஏழில் பலாக்கொல்லைதான் முதலில் இணங்காத ஊர். போன அன்றைக்கே செந்தாமரை தன் தலைப்பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காரணம் காந்தாவுக்கும் தெரியாததல்ல. மலையில் தராசு ஏறுகிற பொருள் எதுவும் மலையில் தங்குவதில்லை. புளியை நிறுத்தால் புளி கீழே போகிறது. தேனை நிறுத்தால் தேன் போகிறது. பிள்ளையை நிறுத்தால்?

மூன்று மாதம் நடையாய் நடந்தபின் ஊர்ப் பெண்களே ஒரு வழி சொன்னார்கள். தராசுக்குப் பிள்ளையின் சரியான எடை தெரியக்கூடாது. உடைந்த களைக்கொட்டின் இரும்புத் துண்டு ஒன்றைத் துணியில் தைத்து, நிறுக்கும்போது பிள்ளையின் இடுப்பில் கட்டுவார்கள். ஊருக்கே அந்த ஒரே துண்டுதான். ஒரு பிள்ளை இறங்கினால் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஆனால் இரும்பு இருப்பதை அவள் வெளியாளிடம் சொல்லக்கூடாது, காகிதத்தில் எழுதவும் கூடாது. சொன்னால் காவல் போய்விடும். காந்தா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அதே துண்டை மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தாள். நூற்று நாற்பது கிராம். அன்று முதல் வாய்விட்டு எண்ணைச் சொல்லாமல், மனசுக்குள் கழித்து, பிள்ளையின் மெய்யான எடையை எழுதிவந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கிராம் பிசகியதில்லை என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

பெருமைக்கு ஆயுசு அவ்வளவுதான். போன மாசியில் மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். பலாக்கொல்லையில் காந்தா காலையில் நிறுத்த இருபது பிள்ளைகளை மத்தியானம் அவரே நிறுத்தார். தாய்மார் வழக்கம்போல இரும்பைக் கட்டித்தான் கொடுத்தார்கள். இருபது பிள்ளைக்கும் காந்தாவின் எண் ஏறக்குறைய நூற்று நாற்பது குறைவாக இருந்தது. எப்படி ஒரே அளவாகக் குறையும், வூட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது என்று அறிக்கை போனது. கணக்கைச் சரிபார்க்கும் சுவேதாதான் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. நான் எழுதிக் கொடுக்கறேன்."

காந்தாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இருபது தாய்மாரின் முகமும் கூடவே வந்தது.

"என் கைதான்மா தப்பு" என்றாள்.

ஏழு ஊர்க் கணக்கையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்த கட்டத்துக்கான பட்டியலில் அவள் பேர் இல்லை.

ஜீப் வந்தது. முன்னால் சுவேதா, பின்னால் புதிதாகச் சேர்ந்த ரெபேக்கா, ஒடுகத்தூர்ப் பெண், நர்ஸ் படிப்பு முடித்தவள். அவள் மடியில் எண்கள் மின்னும் புதுத் தராசும் டேப்லெட்டும். காலடியில் சத்துமாவுப் பைகள். இந்தமுறை வயசுக்குரிய அளவுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு மாவு உண்டு. இரண்டு வாரமாகப் பலாக்கொல்லையில் ஒரு கதவும் திறக்கவில்லை என்று ரெபேக்கா அழாத குறையாகச் சொன்னாள். காந்தாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

பலாக்கொல்லையில் காந்தா இறங்கியதும் கதவுகள் திறந்தன. இத்தனை நாள் எங்கே போனாய் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். பலாமரத்துக் கிளையில் தராசைக் கட்டினாள். முதல் ஆளாகச் செந்தாமரை கடைக்குட்டியைத் தூக்கி வந்தாள். ஒன்பது மாதப் பெண்பிள்ளை. தொடையில் சதையே இல்லை. கையில் வாங்கியதுமே காந்தாவுக்குப் பகீர் என்றது. இடுப்புத் துணியில் இரும்பு இருந்தது. தூளியில் வைத்தாள்.

ஆறு கிலோ ஐந்நூற்று அறுபது. ரெபேக்கா எண்ணைத் தட்டினாள். திரை பச்சையானது.

"ஆறரைக்கு மேல இருக்குக்கா. நார்மல். மாவு இல்ல."

காந்தா மனசுக்குள் கழித்தாள். ஆறு கிலோ நானூற்று இருபது. வேலை போனபோதுகூட வாயைத் திறக்காதவள், இப்போது செந்தாமரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"அதுல நூத்தி நாப்பது கிராம் இரும்பும்மா. புள்ளயில்ல" என்றாள். "பன்னெண்டு வருசமா அதத்தான் கழிச்சேன்."

சுவேதாவின் முகம் வெளுத்தது. அந்த இருபது பிள்ளைகளின் கணக்கு இப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். போனை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அந்தப் பக்கம் போனாள்.

செந்தாமரை காந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டியே அண்ணி" என்றாள், கோபமில்லாமல். "இன்னா பண்றது. வயிறுன்னு ஒண்ணு கீதே."

அவளே பிள்ளையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, இரும்பை எடுத்துத் தரையில் வைத்தாள். இடுப்பில் ஒன்றும் இல்லாத பிள்ளையை அவளே மறுபடி தூளியில் வைத்தாள். அந்த ஊரில் ஒரு பிள்ளை அப்படித் தராசு ஏறுவது அதுவே முதல் தடவை.

ரெபேக்கா டேப்லெட்டை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தாள்.

"ஏத்துக்க மாட்டேங்குதுக்கா. ஒரு புள்ளைக்கு ஒரு தடவதான். இனிமே ஆறு மாசம் கழிச்சுதான் தொறக்குமாம்."

சுவேதா திரும்பி வந்தாள். அவள் காந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல கேட்டேன்" என்றாள். "யாரு சொல்றாங்க, அந்தம்மாவான்னு கேக்கறாங்க. மெஷின் மொதல்ல காட்டனதே இருக்கட்டுமாம்."

ஓட்டுநர் வெளியே எடுத்து வைத்த மாவுப் பையை மறுபடி ஜீப்பில் ஏற்றினார். ரெபேக்கா அடுத்த பிள்ளையின் பேரைக் கேட்டாள். கூட்டத்தில் யாரும் முன்னால் வரவில்லை. பிள்ளை தூளியில் காலை உதைத்துக்கொண்டு தொங்கியது. தலைக்கு மேலே ஆறு கிலோ நானூற்று இருபது என்று சிவப்பு எண்கள் எல்லோருக்கும் தெரியும்படி மின்னிக்கொண்டிருந்தன. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.