இரண்டு இடங்கள்

ஷிம்னாவுக்கு விசா கிடைத்திருக்கக் கூடாது. போன கிழமையே கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு பிழை வரலாம். யாராவது ஒரு அதிகாரி மனம் மாறலாம். இப்படி நினைத்தபடியே அனுஷியா மேசைக்கடியில் முழங்காலிட்டு, புரொஜெக்டரின் வயரைச் செருகினாள். எழுந்தபோது ஷிம்னா கதவடியில் நின்று சிரித்தாள். அனுஷியாவும் சிரித்தாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், உடுப்புக் கடை ஒன்றுக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்தது அந்தத் தனியார் கணினிக் கல்வி நிறுவனம். இருவரும் அங்கேயே படித்து, முதல் வகுப்பில் தேறி, இப்போது அங்கேயே படிப்பிக்கிறார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருகிறவர்கள். இன்று மாணவிகளுக்கான கூட்டம். ‘கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம்: பெண்களே, முன்வாருங்கள்’ என்ற பதாகையைச் சன்னல் கம்பியில் இழுத்துக் கட்டியவளும் அனுஷியாதான். கடற்காற்றில் அது ஒரு பக்கம் உப்பிக்கொண்டிருந்தது.

“எனக்குப் பேச்சே மறந்திரும் புள்ள,” என்றாள் ஷிம்னா. “நீ பின்னுக்கே இரி. உன்னப் பாத்து கதச்சிடுவன்.”

“என்னைய ஏன் பாக்குற? ஒம் புருசன் முன்னாலதானே ஒக்காந்திருக்காரு, அவரப் பாரு.”

“அவரப் பாத்தா சிரிப்புதான் வரும்.”

ஸியாம் முதல் வரிசையின் ஓரத்தில், ஷிம்னாவின் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தான். மகளை பிஎச்.டி. படிக்க மெல்பர்னுக்குத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அவளது வாப்பா சொன்னதும், அடுத்த மாதமே நிக்காஹ் முடிந்தது. வலீமா விருந்தை அவள் படித்து முடித்து வந்த பிறகு வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஸியாம் ஃபோன் கடை வேலையை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாகப் போகிறான். மெல்பர்னைக் கூட அனுஷியாவால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவன் மடியில் இருந்த அந்தக் கைப்பையைப் பார்க்கும்போதுதான் எரிந்தது.

அனுஷியாவும் விண்ணப்பித்திருந்தாள். அவள் போவதற்கு யாரும் யாரையும் கட்டிவைக்கத் தேவையிருக்கவில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் அம்மா, மட்டக்குளி வீட்டில் மீன் கழுவிக்கொண்டே, “நீ போயிட்டு வா தாயி, எனக்கென்ன கையா காலா இல்ல?” என்று சொல்லி முடித்துவிட்டாள்.

இரண்டு இடங்கள் இருப்பதாகத்தான் மெல்பர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியை எழுதியிருந்தார். இருவரையும் கணினித் திரையில் நேர்முகம் கண்டார். அதன்பின் நிறுவனத் தலைவி மாக்ரெட் மிஸ்ஸோடு தனியே கதைக்க வேண்டும் என்றார். அந்த அழைப்பை இணைத்துக் கொடுத்து, மிஸ்ஸுக்குச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தவளும் அனுஷியாதான். பிறகு ஷிம்னாவுக்குச் சம்மதம் வந்தது. அனுஷியாவுக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி வந்தது.

அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் தான் சொன்ன பதில்களைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பதிலில் இடறினேன்? ஷிம்னாவிடம் கூடுதலாக என்ன இருந்தது? ஷிம்னா எழுதிய புரோகிராம்களைத் திறந்து பிழை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அது இன்னும் வலித்தது.

நேற்று இன்றைக்கான ஸ்லைடுகளைச் செய்தபோது, ஷிம்னா கண்ணை அரைகுறையாக மூடியிருந்த படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருந்தாள். இப்போது அந்த முகம் சுவர் உயரத்துக்கு விரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “சரியான வடிவு, என்ன?” என்று மெச்சினாள்.

ஷிம்னா முதலில் தடுமாறினாள். பிறகு, ஆய்வுக் கட்டுரை ஒன்று திரும்பி வந்தபோது உம்மாவிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக் கிடந்த கதையைச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். மாக்ரெட் மிஸ் மைக்கை வாங்கினார்.

“பொம்பிளைப் பிள்ளையள் டிகிரியோட நிக்கக் கூடாது. கலியாணம் வரட்டும், பிள்ளை வரட்டும், படிப்பு ஓட வேணும். என்ன ஸியாம்?”

“ஓம் மிஸ்.”

“பாத்தீங்களா, மாப்பிள்ளை இப்பவே பழகிட்டார்!”

சிரிப்பு அடங்கியதும் கேள்வி கேட்கலாம் என்றார். கடைசி வருடத்து ஜவாஹிறா பின்வரிசையில் எழுந்தாள்.

“மிஸ், அனுஷியா மிஸ்ஸும் அப்ளை பண்ணினாங்க தானே? அவங்க ஏன் போகல்ல?”

பின்னாலிருந்து ஸ்லைடுகளை நகர்த்திக்கொண்டிருந்த அனுஷியாவின் விரல் மௌஸின் மேல் நின்றது.

“அதுக்குக் குற்றவாளி நான்தான்,” என்று மாக்ரெட் மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டு பேரையும் எடுக்கட்டோ எண்டுதான் அந்தப் புரொபெஸர் என்னட்டக் கேட்டவ. நான் சொன்னன், ஐயோ, அனுஷியாவ மட்டும் எனக்கு விட்டிடுங்கோ எண்டு. அவ போனா இந்த லேப்பில ஒரு மெஷினும் எழும்பாது. ஷிம்னாட வாப்பா எங்களோட எவ்வளவு காலப் பழக்கம், அவருக்கு என்ன முகத்தோட இல்லையெண்டுறது? அனுஷியா எண்டா கோவிக்காது. தங்கமான பிள்ளை.”

பிள்ளைகள் திரும்பி அனுஷியாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். மிஸ் அவளைப் புகழ்கிறார் என்றே நினைத்தார்கள். ஸியாமும் தட்டினான். ஷிம்னா மட்டும் தட்டவில்லை. அவள் மிஸ்ஸைப் பார்த்தாள், பிறகு அனுஷியாவைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பதில்களில் பிழையே இருக்கவில்லை. இத்தனை மாதம் அந்தப் பதில்களைத்தான் கிளறிக்கொண்டிருந்தாள். ஷிம்னாவின் மேல் இருந்த எரிச்சல் இப்போதாவது போய்விடும் என்று அனுஷியா பார்த்தாள். போகவில்லை. வாப்பாவின் பழக்கம் என்ற ஒன்று இருக்கிறதே.

“திங்களில இருந்து ஷிம்னாட வகுப்புகளும் இவதான்,” என்றார் மாக்ரெட் மிஸ். “அனுஷியா, ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. எங்கட இடம் பொம்பிளைப் பிள்ளையள எப்பிடித் தூக்கி விடுது எண்டு இவையளுக்குத் தெரியட்டும். மைக்கைப் பின்னுக்குக் குடுங்கோ பிள்ளையள்.”

மைக் வரிசை வரிசையாகக் கை மாறி வந்தது. ஒவ்வொருத்தியும் வாங்கும்போது திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியாக ஜவாஹிறா அதை வாங்கி அனுஷியாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நான் பேசலங்க மிஸ்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மைக் நீட்டியபடியே இருந்ததால், அவள் குரல் சுவரிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் கேட்டது.

“என்ன வெக்கம்? எங்கட பிள்ளையள்தானே. வகுப்பைப் பற்றியாவது சொல்லுங்கோ.”

“அந்த வகுப்புகளையும் நான் எடுக்கலங்க மிஸ்.”

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மைக்கை எடுப்பதா நீட்டுவதா என்று தெரியாமல் ஜவாஹிறாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அனுஷியா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.