மூன்று மாடி ஏறிய கார்

“என் கார் சுவர் ஏறுச்சு. மூணு மாடி. எஞ்சின் ஓடிக்கிட்டே ஏறி, மேல இருந்த ஒரு அம்மாகிட்ட மருந்தைக் குடுத்துட்டு, அதே சுவர்ல இறங்கி வீடு வந்து சேர்ந்துச்சு.”

திரிப்போலித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் காப்பிக் கடையில் மம்தூஹ் இதைச் சொன்னதும், ஊருக்குப் புதிதாக வந்திருந்த மீன் ஏலக்காரனுக்குக் காப்பி புரையேறியது. மற்றவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மம்தூஹின் வாயில் மத்தி மீன் திமிங்கிலமாகும், தூறல் விழுந்தால் நூஹ் நபியின் வெள்ளமாகும் என்பது ஊரறிந்த சங்கதி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் புர்ஹான்; மகன் பெயரால் ஊருக்கு அபூ நிஸார். சுங்கத்தில் காலமெல்லாம் மூட்டை பிரித்துப் பார்த்தவர். மம்தூஹ் “விடிஞ்சிருச்சு” என்றாலும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஆள். அவர் இந்தக் கதைக்கு இதுவரை ஆமாம் போட்டதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

ஊரின் மேட்டுப் பகுதிக்கும் பள்ளத்துப் பகுதிக்கும் சண்டை மூண்ட வருடம் அது. இரண்டுக்கும் நடுவே ஓடிய தெருவைக் கடக்க முடியாது. மேட்டிலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள் கண்ணில் படாமலிருக்கச் சந்து வாய்களில் தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாய்க்கு இந்தப் பக்கம் நடக்கலாம்; அந்தப் பக்கம் போகிறவன் ஓட வேண்டும், ஓடும்போதே கலிமாவும் சொல்லிவிட வேண்டும். ரொட்டிக்காரர் ஓடினார். பாதித் தெருவில் விழுந்தவரைத் தூக்கக்கூட யாராலும் போக முடியவில்லை. தெருப் பூனைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு புர்ஹான் வெகுநாள் ரொட்டி தின்னவில்லை.

அந்தத் தெருவுக்கு எதிர்ச்சாரியில், மூன்றாவது மாடியில், புர்ஹானின் அக்கா நசீரா தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயாளி. இன்சுலின் தீரப் போகிறது. போனில் அவள் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. திட்டுகிற தெம்பு மட்டும் குறையவில்லை. மருந்துக்கடை இந்தப் பக்கம் இருந்தது. மருந்தும் இருந்தது. கொண்டுபோகத்தான் கால் இல்லை.

“காலு எதுக்கு? சக்கரம் இருக்கு” என்றார் மம்தூஹ்.

ஓய்வு பெற்ற அன்றே தனக்குத் தானே வாங்கிக்கொண்ட ரிமோட் கார் அவரிடம் இருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி அளவு பெரியது. மாடியில் அவர் அதை ஓட்டுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஆனால் வெயிலில் அதன் பேட்டரி தவளை வயிறு போல உப்பிச் செத்திருந்தது. மின்சாரம் என்றோ போய்விட்டது. தெருவுக்குக் கரண்ட் விற்ற ஜெனரேட்டர்க்காரனும் குடும்பத்தோடு ஓடிவிட்டான்.

மம்தூஹ் காரைப் பிளந்தார். பேட்டரியையும் மோட்டாரையும் பிடுங்கிப் போட்டு, மச்சான் தோட்டத்துப் புல்வெட்டியின் எஞ்சினைக் கழற்றி அந்த இடத்தில் உட்கார வைத்தார். எஞ்சின் அகலம், காரின் வயிறு குறுகல். ரம்பத்தால் அறுத்து, தகரம் வைத்து முடுக்கி, பல்சக்கரம் பொருந்தாமல் மூன்று முறை கழற்றினார். ஸ்டியரிங்குக்கும் ஆக்சிலேட்டர் கம்பிக்கும் ரிமோட்டின் குட்டி மோட்டார்கள். அவற்றுக்குச் சுவர்க்கடிகாரத்து பேட்டரிகள். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தால், முதலில் இருமியது, பிறகு புகைந்தது, பிறகு இப்ராகிம் நபி காலத்துக் கழுதைகளெல்லாம் ஒன்றுகூடிக் கத்தியது போல ஒரு சத்தம்.

“இது மருந்து கொண்டு போற வண்டியா, கல்யாண ஊர்வலமா?” என்றார் புர்ஹான். “எஞ்சின் சூட்டுல மருந்து வெந்துடும்பா.”

“பெட்டி முன்னால. எஞ்சின் பின்னால. நடுவுல ஈரத்துணி. உன் சுங்கத்துல முத்திரை குத்திட்டியா, அனுப்பலாமா?”

“ரிவர்ஸ் வருமா?”

“பழைய மோட்டார்னா வரும். இதுக்கு முன்னால போகத்தான் தெரியும், அபூ நிஸார். உன் பொண்டாட்டி நாக்கு மாதிரி.”

மருந்து மேலே போவதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. அந்த ஊரில் எந்தப் பெண் காய்கறிக்காகப் படியிறங்குகிறாள்? பால்கனியிலிருந்து கூடை இறங்கும், ஏறும். நசீராவின் பால்கனியில் கப்பியே உண்டு. உருளைக்கிழங்கு மூட்டையையே அதில் ஏற்றிய கை அவளுடையது. கீழே கூடையில் எடுத்து வைக்க ஆள் கிடையாது என்பதால், கூடையைக் கழற்றிவிட்டுக் கொக்கியை மட்டும் இறக்கச் சொன்னார்கள். காரின் முதுகில் மம்தூஹ் ஒரு வாளிப்பிடியை வளைத்துப் பற்றவைத்தார். கொக்கி பிடியில் மாட்டினால் காரே மேலே போய்விடும்.

“அக்கா, மருந்தை எடுத்துட்டு எஞ்சினை அணைக்காம அப்படியே இறக்கி விடுங்க. அணைச்சா மறுபடி இழுத்து எழுப்ப உங்களால ஆகாது. அடுத்த நடைக்கு ரொட்டி அனுப்புறோம்” என்றார் மம்தூஹ் போனில்.

“டேய் மம்தூஹ், உன் பொம்மை என் வீட்டுத் தரையில எண்ணெய் ஒழுக விட்டா, நான் உன்னையே கொக்கியில மாட்டுவேன்.”

காலை வெயிலில், தார்ப்பாயின் கிழிசலில் கண் வைத்து, மம்தூஹ் காரை விட்டார். அது அலறிக்கொண்டு பாய்ந்தது. பூனைகள் சிதறின. மேட்டிலிருந்து ஒரு குண்டும் வரவில்லை. எவனோ ஒருத்தன் அங்கிருந்து விசிலடித்தான். மம்தூஹின் முகம் பெருநாள் காலை போல மலர்ந்தது.

கார் பால்கனிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. மேலே கதவு திறந்து நசீரா வெளியே வந்தாள். சண்டை மூண்ட பிறகு அவள் அந்தக் கதவைத் திறப்பது அதுதான் முதல் முறை.

புர்ஹானுக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் பொருந்துமா, மருந்து வேகுமா, கொக்கி தாங்குமா என்று எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்த்தவர், கயிறு இறக்குகிறவள் வெயிலில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தச் சத்தமோ மேட்டில் இருக்கிற துப்பாக்கிகளையெல்லாம் எழுப்பி அவள் பக்கம் திருப்பியிருக்கும்.

“திருப்பு! காரைத் திருப்பு!”

“இரு, இதோ மாட்டிரும்.”

மாட்டவில்லை. கொக்கிக்கு ஒரு சாண் முன்னால் போய்விட்டது. பழைய மோட்டாராக இருந்தால் அந்த ஒரு சாணைப் பின்னால் இழுத்திருக்கலாம். இது ஒரு முழு வட்டம் அடித்து வர வேண்டும். வட்டம் அடித்தது. இந்த முறை இடப்பக்கம் தவறியது. மறுபடி வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நசீரா கம்பிமேல் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவளுடைய வெள்ளை முக்காடு தெருவெல்லாம் தெரிந்தது.  மம்தூஹ் இப்போது சிரிக்கவில்லை.

பிறகு மாட்டியது. கார் தரையை விட்டு எழும்பி, சக்கரங்கள் காற்றில் சுழல, புகை கக்கிக்கொண்டே முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. நசீரா அதைக் கம்பிக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

“உள்ளேயே இருக்கட்டும். இறக்க வேணாம்னு சொல்றேன்” என்று புர்ஹான் போனை எடுத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும்?

அவள் திரும்ப வெளியே வந்தாள். அவர்களுக்கு ரொட்டி அனுப்ப வண்டி வேண்டுமே. காரைக் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டுக் கயிற்றை மெதுவாக விட்டாள். அது இரண்டாம் மாடி அளவுக்கு வந்தபோது ஒரே ஒரு வெடி கேட்டது.

முக்காடு கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தது.

புர்ஹான் கார் விழும் என்று பார்த்தார். விழவில்லை. கயிறு ஒரு நொடி நின்றது. பிறகு முன்போலவே, சாண் சாணாக, முட்டைக் கூடையை இறக்குவது போல இறங்கியது. சக்கரங்கள் தரையைத் தொட்டதும் கொக்கி தானாகக் கழன்றது. கார் பாய்ந்து தார்ப்பாயை முட்டி உள்ளே வந்தது. பெட்டி காலியாக இருந்தது.

வெள்ளைக் கொடியோடு அவர்களை அந்த மாடிக்குப் போக விட்டபோது, நசீரா பால்கனிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மருந்து உள்ளே, நிழலில், தண்ணீர்க் கிண்ணத்தில் பத்திரமாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

எதையும் பத்தாக்கிச் சொல்லும் மம்தூஹ் இந்தக் கதையை மட்டும் கார் வீடு வந்ததோடு நிறுத்திவிடுவார். அந்த அம்மா யாரென்று யார் கேட்டாலும் காப்பிக் கோப்பையைப் பார்ப்பார்.

அன்று ஏலக்காரன் விடுவதாக இல்லை. புர்ஹான் பக்கம் திரும்பினான்.

“அபூ நிஸார், இவரு சொல்ற எதையும் நீங்க நம்ப மாட்டீங்களாமே. சொல்லுங்க, இது புளுகுதானே?”

மம்தூஹ் தலை குனிந்துகொண்டார். புர்ஹான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“ஏறுச்சு” என்றார். “இறங்கவும் இறங்குச்சு. நான் பாத்தேன். இறக்கினது எங்கக்கா. கடைசி வரைக்கும் கயித்தை விடல.”