சமையற்கட்டுக்குப் பின்னால் கேட்ட இடி

காலணியாட்டம் நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை காலையில், பள்ளிச் சமையற்கட்டுக்குப் பின்னால் இடி இடித்தது. அப்படித்தான் ரமோனா சின்னம்மா சொன்னார். சமைப்பவர் அவர்தான். என் அம்மாவின் குலம், அதனால் எனக்குச் சின்னம்மா.

எங்கள் நவஹோ ஊர்களில் குளிர்காலத்துக்கென்றே சில கதைகளும் பாட்டுகளும் உண்டு. பாம்பும் கரடியும் உறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவற்றைச் சொல்லலாம், பாடலாம். முதல் இடி கேட்டதும் மூடிவிட வேண்டும். மீறினால் மின்னல் வீடு தேடி வரும் என்பார்கள். காலணியாட்டமும் அப்படியே. வடக்கில் ஒரு கட்சி, தெற்கில் ஒரு கட்சி. மணலில் புதைத்த காலணிகளில் ஒன்றுக்குள் யூக்கா என்ற பாலைச்செடியின் வேரில் செய்த உருண்டையை ஒளித்துவிட்டுப் பாடுவார்கள். எதிர்க்கட்சி கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும் பகலா, எப்போதும் இரவா என்று விலங்குகள் பந்தயம் கட்டி ஆடிய ஆட்டம் அது. யாரும் ஜெயிக்கவில்லை, அதனால்தான் இரண்டும் நமக்குக் கிடைத்தன.

என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க அந்தப் பாட்டுகளைப் படித்திருந்தார்கள். ஆட்டம் முதலில் பனியால் தள்ளிப்போனது. பிறகு சேற்றில் பஸ் சிக்கியதால் தள்ளிப்போனது. அடுத்த வருடம் இவர்கள் டவுன் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே இதையெல்லாம் ஆடுவாரில்லை. இன்று இல்லையென்றால் இவர்களுக்கு இல்லை.

"டீச்சர், கரடி காலணிய மாத்திப் போட்டுக்கிட்ட பாட்டு? அதுகூடப் பாடக்கூடாதா?" என்றாள் ஷர்லீன். அதற்குள் யாரோ, குளிர்காலத்தில் மட்டுமே ஆடும் நூல் விளையாட்டுக் கயிறுகளையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள்.

வடக்கில் மெல்லிய மேகம் ஒன்று கிடந்தது. இடிதானோ என்று சந்தேகப்பட அது போதும்.

பஸ் ஓட்டும் வில்பர்ட் காப்பிக்கு வந்தான். என் அத்தை மகன். கேலி செய்ய உரிமையுள்ளவன், அதை வீணாக்காதவன்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி வேகாத சோளக்களி மாதிரி இருக்கு?"

"இடி இடிச்சுதாம் மச்சான். ஆட்டம் போச்சு."

"எப்ப?"

"விடியற நேரத்துல. வடக்க."

அவன் காப்பியைக் கீழே வைத்தான். "அது இடி இல்ல. நான்."

தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறான். குழாய் உறைந்திருந்ததால், காலித் தொட்டியோடு பிக்கப்பில் திரும்பியிருக்கிறான். தொட்டியைக் கட்ட மறந்துவிட்டான். சமையற்கட்டுக்குப் பின்னால், மாடு தாண்டாமல் இருக்கப் பாதையில் பதித்த இரும்புக் கம்பிகள்மேல் வண்டி ஏறியதும் தொட்டி உருண்டிருக்கிறது.

"மாமன் மகளுக்காகப் பொய் சொல்றியா?" என்றார் சின்னம்மா. "மின்னல் உன் வீட்டத் தேடி வராது, இந்தப் பிள்ளைங்க வீட்டத்தான் தேடி வரும்."

"அப்ப நீங்களே கேளுங்க அத்தை."

தொட்டியைக் கட்டாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சின்னம்மா வண்டி கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் காதை நான் நம்பவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று அது முன்னமே முடிவு செய்திருந்தது.

கடகடவென்று உருண்டது. சின்னம்மா திரும்பாமலே சொன்னார்.

"இன்னொரு தடவ வரச் சொல்லு."

வில்பர்ட் திரும்பவும் ஓட்டினான்.

"நிசமான இடி இழுத்துக்கிட்டே மலைக்குப் போகும்," என்றார் அவர். "இது முட்டிக்கிட்டு நிக்குது. காலையிலயும் முட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு." அப்புறம் என்னைப் பார்த்தார். "நடத்து மகளே."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகள் ஓடின. நான் சமையற்கட்டு வாசலில் இருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த மலைக்கே இடியக் கொண்டுவந்த பெரிய ஆளு," என்று வில்பர்ட்டைப் பிடித்துக்கொண்டார் சின்னம்மா. "உக்காந்து உருளக்கிழங்கு உரி."

பொழுது சாய்ந்ததும் பிக்கப்புகள் வந்து சேர்ந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் மணலைக் கொட்டினோம். வடக்குக் கட்சி போர்வையைத் தூக்கிப் பிடித்து உருண்டையை ஒளித்தது. போர்வை இறங்கியதும் அந்தக் கட்சியின் ஷர்லீன் கரடிப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டாம் வரியில் அவள் கட்சி முழுதும் சேர்ந்துகொண்டது. எல்லாரையும்விட உரக்கப் பாடியது சின்னம்மாதான்.