ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

மற்றவர்கள் வாயைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் பல் டாக்டர். தன் வாயைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் சோபா, கட்டில் விற்கும் பெரிய கடைக்காரன். அன்று புதுக் கிளை திறந்தான். அப்பா இருவர் பேரிலும் விட்டுப்போன பழைய காரில் ஜம்மென்று போய் இறங்கலாம் என்று இவள் கிளம்பினாள். கடை வாசலில் வண்டி கரும்புகையாகக் கக்கியது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நின்றது நின்றதுதான்.

"இதை ரெண்டா அறுத்து முன்பாதியைக் கடையில கல்லாவா வெச்சிடுறேன். ஓடலைன்னாலும் அழகுக்காவது ஆகட்டும்" என்றான் அண்ணன்.

"ஓடாதுன்னு யார் சொன்னது? அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வா. எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும். நீயே சாவியை ஒரே ஒரு தடவை திருப்பு. கிளம்பும். புகையாது, நிக்காது. இல்லேன்னா நீயே எடுத்துக்கோ."

ரோஷத்தில் சொன்னது. அண்ணன் வியாபாரி அல்லவா, சட்டென்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான்.

இதோ அந்த ஞாயிறு வந்துவிட்டது. மணி எட்டரை. கட்டி இழுத்து வந்து வீட்டு ஷெட்டில் நிறுத்திய காரின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அழுக்குப் படாமலிருக்கக் கிளினிக் வெள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு அவள் குனிந்து நிற்கிறாள். வாரம் முழுக்கக் கிளினிக்கில் கூட்டம், இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. வாரம் ஆறு நாளும் எதிரே உட்காருகிறவர்கள் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். இந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மட்டும்தான் எதிரே யாரும் 'ஆ' காட்டுவதில்லை. அந்த ஒரு சுகத்தை அறுத்துக் கல்லாப்பெட்டி செய்யவா விடுவாள்?

கோளாறு எங்கே என்பது தெரியும். சோக்கில். கார்புரேட்டரின் தொண்டையில் குறுக்கே ஒரு சின்னத் தகடு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு காற்றைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் வண்டி எழுந்திருக்கும். சூடேற ஏறத் தானாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் பெட்ரோல் மிஞ்சிப்போய்க் கரும்புகைதான். பக்கத்தில் வட்ட மூடிக்குள் இருக்கும் ஒரு சுருள் கம்பி, குளிருக்கு இறுகி, சூட்டுக்குத் தளர்ந்து இந்த வேலையைப் பார்க்கிறது. யாரும் கை வைக்கத் தேவையில்லை.

ஒத்திகைக்கும் வழியில்லை. ஒரு தடவை கிளப்பிவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும். ஆற அரை நாள் ஆகும். பத்து மணிக்குக் கிளம்புவதுதான் முதலும் கடைசியும்.

"ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சு விடுங்க" என்றாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த கணவர் மிதித்து விட்டார். தகடு 'டக்'கென்று மூடியிருக்க வேண்டும். அது பாதி திறந்தபடி, காது கேட்காதவன் மாதிரி நின்றது. விரலால் தள்ளினாள். தள்ளிய இடத்தில் நின்றது. திரும்பத் தள்ளினாள். அங்கேயும் நின்றது.

"சுருள் போயிருக்கும்" என்றார் கணவர், இறங்கி வந்து. அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர், கம்பிச் சுருள் விஷயத்தில் நம்பலாம். வட்ட மூடியை எந்தக் கோட்டில் நிறுத்தியிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, மூன்று திருகாணிகளைக் கழற்றினார்கள். சுருள் புத்தம் புதுசு போல இருந்தது. அவர் அதை ஊதிப் பார்த்தார், வாயிலிருந்து வந்த சூட்டுக்கே அது லேசாக அசைந்து கொடுத்தது.

"இது நல்லாத்தானே இருக்கு! அப்ப வேற என்ன?" அவர் குரல் இறங்கியது. மணி ஒன்பது.

அவள் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தாள். கார்புரேட்டரின் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டாள். தகட்டைத் தாங்கும் அச்சு, இரண்டு பக்கமும் சுவருக்குள் நுழைகிற இடத்தில், பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பதினைந்து வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சி!

"காரை! பல்லுல பிடிக்கிற மாதிரி காரை பிடிச்சிருக்குங்க!" அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பல் சுரண்டும் கொக்கியால் ஒரு துணுக்கைப் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாசனை அவளுக்குப் பழக்கம். வீட்டுக் கதவுக் கீல், கத்தரிக்கோல், மின்விசிறி, ஒரு காலத்தில் அவளுடைய கிளினிக் நாற்காலி, எல்லாவற்றிலும் வீசிய அதே வாசனை. தையல் மெஷின் எண்ணெய்.

மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல எண்ணெய் விட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு சொட்டுதான்" என்றார் அவர். பிறகு, "ஒட்டுற மாதிரி இருந்தா ரெண்டு" என்றார். பிறகு முகம் வெளுத்துவிட்டது.

புரிந்துபோயிற்று. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது, எஞ்சின் சூடு அதைப் பிசினாகக் காய்ச்சியது. பிசின் ஒட்ட ஒட்ட இவர் எண்ணெய் விட, விட்ட எண்ணெயெல்லாம் பிசினாக, இரண்டு வருஷமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது. தையல் மெஷினுக்கு உயிர் கொடுப்பது சோக்குக்கு விஷம். அவளுக்குக் கோபம் வந்தது. ஈறு தேயுமளவுக்கு ஆசையாகப் பல் தேய்த்துவிட்டு வந்து நிற்பார்களே, அவர்களைப் பார்த்தால் வருகிற கோபம். அதை வைத்துக்கொண்டு திட்ட முடியாது.

"நிக்காதீங்க, பஞ்சு எடுங்க!"

பிசுக்குக் கரைக்கும் கிளீனரைப் பீய்ச்சினாள், சுரண்டினாள், சின்ன பிரஷால் தேய்த்தாள். பழுப்புத் தண்ணீர் வழிய வழிய அவர் துடைத்தார். அவள் தகட்டைத் தள்ளிப் பார்த்தாள். அசைந்தது. இன்னொரு பீய்ச்சல். வட்ட மூடியைப் பென்சில் குறி தப்பாமல் மாட்டினார்கள். அவர் ஓடிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்து விட்டார்.

டக்!

இருவரும் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள். குதித்த கையோடு அவர் விரல் சட்டைப்பையிலிருந்த எண்ணெய்க் குப்பிக்குப் போனது. "கடைசியா ஒரே ஒரு சொ..."

"குடுங்க அதை." பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வாசலில் லாரி வந்து நின்றது. அண்ணன் அதிலிருந்து அளவு நாடாவோடு இறங்கினான். நேராக வந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி எஞ்சின்மேல் கை வைத்தான். ஜில்லென்று இருந்தது. திருப்தியாகத் தலையாட்டி உள்ளே உட்கார்ந்தான்.

"ஒரு மிதி மிதிச்சு விட்டுட்டு சாவியைத் திருப்பு" என்றாள் அவள்.

திருப்பினான். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு உறுமியது.

"பொறு, பொறு. இப்ப புகையும் பாரு" என்றான் அண்ணன்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது போனது. அவள் குட்டிக் கண்ணாடியை நீட்டிப் பிடித்தாள். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் தகடு, யாரும் தொடாமல், மயிரிழை மயிரிழையாகத் திறந்துகொண்டிருந்தது.

"ஏய்! தானா திறக்குது! அங்க பாரு, திறக்குது!" கத்தியது அண்ணன்தான். நாடா கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

தகடு முழுசாகத் திறந்தது. உள்ளே எட்டி ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டினாள், உறுமல் அடங்கி எஞ்சின் சீராக ஓடியது. பின்னால் போய்ப் பார்த்தாள். புகை என்ற பேச்சே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த மெக்கானிக் பார்த்தான்? இத்தனை நாள் என்னவாம்?" என்று கேட்டான் அண்ணன்.

"பழைய வண்டி, ஏதோ தூசி..." என்று அவள் இழுத்தாள். மச்சான் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"தூசி இல்லை மச்சான்" என்றார் கணவர். "வண்டிமேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் எண்ணெய் விட்டு விட்டே கொன்னுட்டிருந்தேன்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குனிந்து நாடாவை எடுத்துச் சுருட்டினான். "மாப்பிள்ளை, நான் இதை அறுக்க வந்தவன். என்கிட்டப் போய் மன்னிப்பு கேக்குறீங்க" என்றான். லாரிக்காரரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க, ஏத்துறதுக்கு ஒண்ணுமில்லை" என்று குரல் கொடுத்தான்.

லாரிக்காரர் ஏறிக் கதவைச் சாத்தினார். கீல் கிரீச்சென்று அலறியது. கணவருக்குப் பல் கூசினாற்போல் முகம் சுருங்கியது. கை தன்னால் சட்டைப்பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

அவள் கோட்டுப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போங்க. கதவுக்கு மட்டும்."